லெப்ரான் ஜேம்ஸ்: அக்ரனிலிருந்து என்.பி.ஏ. வரை

லெப்ரான் ரேமோன் ஜேம்ஸ் (பிறப்பு: 30 டிசம்பர் 1984, அக்ரன், ஒஹாயோ) அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர். கல்லூரி வாசலை மிதிக்காமல், பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு 2003இல் என்.பி.ஏ.வின் டிராஃப்ட் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். நான்கு முறை சாம்பியன் பட்டம் வென்றார், நான்கு முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். 2023 பிப்ரவரி 7 அன்று கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளிச் சாதனையைத் தாண்டினார். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதற்கெல்லாம் முந்தைய சில ஆண்டுகளைப் பற்றியது. தனியொரு சிறுவனின் அதிசயக் கதையாக அது சொல்லப்படுவது வழக்கம். அருகில் போய்ப் பார்த்தால் நான்கு சிறுவர்கள் பிரியக் கூடாது என்று பிடித்த பிடிவாதம்தான் கண்ணில் படுகிறது.

பிறந்த ஊர்

குட்இயர், ஃபயர்ஸ்டோன் ஆகிய டயர் நிறுவனங்களின் ஊர் அக்ரன். ஒரு காலத்தில் உலகின் ரப்பர் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. லெப்ரான் பிறந்தபோது ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. தாய் குளோரியா ஜேம்ஸுக்கு அப்போது வயது 16. தந்தையின் துணை இல்லை. குடும்பத்தைத் தாங்கியிருந்த பாட்டி ஃப்ரீடா 1987 கிறிஸ்துமஸ் சமயத்தில் மாரடைப்பால் இறந்துபோனார். அதன்பின் தாயும் மகனும் தெரிந்தவர் வீடுகளிலும் வாடகை அறைகளிலும் மாறிமாறிக் குடியிருந்தார்கள். நான்காம் வகுப்பில் லெப்ரான் பள்ளிக்குப் போகாத நாட்கள் 80ஐத் தாண்டின.

சிறுவர் அமெரிக்கக் கால்பந்து அணியொன்றின் பயிற்சியாளரான ஃபிராங்க் வாக்கர் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அந்த வீட்டில் படுக்க நேரம், எழ நேரம், வீட்டுப்பாடம், குப்பை கொட்டும் முறை என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருந்தது. ஐந்தாம் வகுப்பில் லெப்ரான் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. கூடைப்பந்தை முறையாகப் பிடிக்கக் கற்றதும் அங்கேதான். தாய்க்கு நிலையான வீடு கிடைத்தபின் ஸ்பிரிங் ஹில் என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இருவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

நால்வர்

ட்ரூ ஜாய்ஸ் என்பவர் அக்ரனில் சிறுவர் அணி ஒன்றைத் திரட்டினார். பெயர் ஷூட்டிங் ஸ்டார்ஸ். அவருடைய மகன் மூன்றாம் ட்ரூ ஜாய்ஸ், சியான் காட்டன், வில்லி மெக்கீ, லெப்ரான் ஆகிய நால்வரும் அதன் உயிர்நாடி. பயிற்சி நடந்தது இரட்சணிய சேனையின் சிறிய கூடத்தில். தரை மரப்பலகை அல்ல, லினோலியம். விழுந்தால் முழங்கால் தாங்காது. அங்கே ஆரம்பித்த அணி 1999இல் ஆர்லாண்டோவில் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கான தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. தென் கலிபோர்னியாவின் ஆல் ஸ்டார்ஸ் அணி எதிரில். 68க்கு 66 என்று பின்தங்கியிருந்த கடைசி நொடிகளில் பந்து லெப்ரான் கையில். மிகத் தொலைவிலிருந்து எறிந்தார். வளையத்துக்குள் பாதி இறங்கிய பந்து வெளியே துள்ளிவிட்டது. அக்ரனுக்கு ஒரு தேசியப் பட்டம் கொண்டுவருவோம் என்ற சிறுவர்களின் கனவு அன்று கைநழுவியது. உயர்நிலைப் பள்ளியிலும் ஒரே அணியாக ஆடுவது என்று அவர்கள் முடிவெடுத்ததற்கு அந்தத் தோல்வியும் ஒரு காரணம்.

எந்தப் பள்ளி என்ற கேள்வி ஊரையே கிளப்பிவிட்டது. கறுப்பின மாணவர்கள் அதிகம் படித்த பொதுப்பள்ளியான பக்டெலுக்குத்தான் இவர்கள் போவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அணியிலேயே குட்டையான பையன் மூன்றாம் ட்ரூ. அப்போது அவன் உயரம் ஐந்தடியைத் தொடவில்லை. பக்டெலில் தன்னை மூத்தோர் அணியில் சேர்க்க மாட்டார்கள், இளையோர் அணியில் தள்ளிவிடுவார்கள் என்று அவனுக்குப் பட்டது. வெள்ளையர்கள் பெரும்பான்மையாகப் படித்த கத்தோலிக்கத் தனியார் பள்ளியான செயின்ட் வின்சென்ட் செயின்ட் மேரிக்குப் போகிறேன் என்று அவன் சொன்னான். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள். அக்ரனின் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது துரோகமாகவே பட்டது. நாளைய கோடீஸ்வரனின் பள்ளியை நிர்ணயித்தது திறமைத் தேடல்காரர்களும் காலணி நிறுவனங்களும் அல்ல, ஒரு குட்டைப் பையனின் ரோஷம்.

அந்தப் பள்ளியின் பயிற்சியாளர் கீத் டாம்ப்ராட். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தபோது உடைமாற்றும் அறையில் இனவெறிச் சொல்லைப் பயன்படுத்தியதற்காக 1993இல் வேலை இழந்தவர். பிறகு அக்ரனில் பங்குத் தரகராக இருந்துகொண்டு, யூதர் சமூக மையத்தில் சிறுவர்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் ட்ரூ அங்கே போய்க் கற்றவன். பழைய விவகாரம் தெரிந்தும், அவரிடம் முன்பு ஆடியவர்களை விசாரித்த பிறகே ஜாய்ஸ் குடும்பம் சம்மதித்தது. கல்லூரி ஆட்டக்காரர்களை நடத்துவதுபோலவே டாம்ப்ராட் 14 வயதுப் பையன்களையும் விரட்டி வேலை வாங்கினார். லெப்ரானின் ஆட்டத்தில் உயரத்தையும் துள்ளலையும் தாண்டி ஒரு கணக்குப் புத்தி தெரிகிறதென்றால் அதில் இவருக்குப் பங்குண்டு.

ஒன்பதாம் வகுப்பில் (1999-2000) அணி 27 ஆட்டங்களில் 27ஐயும் வென்று மாநிலத்தின் மூன்றாம் பிரிவுப் பட்டத்தை எடுத்தது. இறுதி ஆட்டத்தில் பேசப்பட்டது லெப்ரான் அல்ல. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மூன்றாம் ட்ரூ, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஏழு முறை எறிந்து ஏழையும் கூடையில் போட்டார். மறு ஆண்டு 26 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்தத் தோல்வி வர்ஜீனியாவின் ஓக் ஹில் அகாடமியிடம், அதுவும் ஒரு புள்ளியில். ரோமியோ டிராவிஸ் சேர்ந்ததும் நால்வர் ஐவரானார்கள். பள்ளியின் சொந்தக் கூடம் போதவில்லை. சில ஆட்டங்களை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அக்ரன் பல்கலைக்கழக அரங்குக்கு மாற்றினார்கள். பத்தாம் வகுப்பிலேயே ஒஹாயோவின் ‘மிஸ்டர் பாஸ்கெட்பால்’ விருதைப் பெற்ற முதல் ஆள் லெப்ரான்.

2001இல் டாம்ப்ராட் கல்லூரிப் பயிற்சிக்குத் திரும்ப, மூத்த ட்ரூ ஜாய்ஸ் பொறுப்பேற்றார். பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, 2002 பிப்ரவரி 18 தேதியிட்ட ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில் லெப்ரான் படம் வந்தது. தலைப்பு: ‘தேர்ந்தெடுக்கப்பட்டவன்’. வயது 17. கட்டுரையை எழுதியவர் கிராண்ட் வால். அதன்பின் பள்ளிக் கூடத்து வாசலில் கையெழுத்து வேட்டைக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். பையன்களுக்கும் தலைக்கனம் ஏறியது. பயிற்சியில் கவனம் குறைந்தது. அந்தப் பருவத்தின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் சின்சினாட்டியின் ரோஜர் பேக்கன் பள்ளியிடம் 71-66 என்று தோற்றார்கள். அட்டைப்படம் வந்த ஆண்டுதான் மாநிலப் பட்டம் கிடைக்காத ஒரே ஆண்டு.

கடைசி வருஷம்

இந்த வரலாற்றின் மையம் 2002-03 பருவம். செயின்ட் வின்சென்ட் அணி ஒரு பள்ளி அணியாக இல்லாமல் ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ் கம்பெனிபோல் ஆகிவிட்டது. 2002 டிசம்பர் 12 அன்று கிளீவ்லேண்டில் ஓக் ஹில்லுடன் ஆடிய ஆட்டத்தை ஈ.எஸ்.பி.என். 2 நாடு முழுக்க ஒளிபரப்பியது. பள்ளிச் சிறுவர்களின் ஆட்டத்துக்கு வர்ணனை சொல்ல டிக் வைட்டேலும் பில் வால்டனும் வந்து உட்கார்ந்தார்கள். லெப்ரான் 31 புள்ளி, 13 ரீபவுண்ட், 6 அசிஸ்ட் எடுக்க, 65-45 என்று பழைய கணக்கு தீர்க்கப்பட்டது. அக்ரன் வட்டாரத்தில் ஆட்டங்களைக் கட்டணம் கட்டித் தொலைக்காட்சியில் பார்க்கும் ஏற்பாடும் இருந்தது. பள்ளிக்கு வருமானம், தொலைக்காட்சிக்கு வருமானம், அரங்குகளுக்கு வருமானம், சட்டை விற்றவர்களுக்கும் வருமானம். பந்தைத் தொட்டவர்களுக்கு மட்டும் ஒரு காசும் கூடாது என்பது அமெச்சூர் விதி.

அந்த விதியோடு மோதல் வந்தது ஜனவரியில். லெப்ரானின் 18ஆவது பிறந்தநாளுக்குத் தாய் ஹம்மர் எச்2 கார் வாங்கிக்கொடுத்தார். மகனின் வருங்கால வருமானத்தை நம்பி வங்கி கொடுத்த கடன் அது. ஒஹாயோ உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் விசாரித்தது. கடன் முறையானதுதான் என்று ஜனவரி கடைசி வாரத்தில் விட்டுவிட்டது. மூச்சு வாங்குவதற்குள் அடுத்த புகார். கிளீவ்லேண்டில் ஒரு துணிக்கடையில், கடைச் சுவரில் படத்தை மாட்ட ஒத்துக்கொண்டு, முன்னாள் விளையாட்டு நட்சத்திரங்களான வெஸ் அன்செல்ட், கேல் சேயர்ஸ் பெயர் போட்ட இரண்டு பழைய மாதிரி ஜெர்சிகளை இலவசமாக வாங்கியிருந்தார். விலை 845 டாலர். ஜனவரி 31 அன்று சங்கம் அவரை ஆடத் தகுதியற்றவர் என்று அறிவித்தது. காருக்குத் தப்பியவர் சட்டைக்கு மாட்டிக்கொண்டார்.

வழக்கு நீதிமன்றம் போனது. நீதிபதி தடையை இரண்டு ஆட்டமாகக் குறைத்தார். அணியின் ஒரு வெற்றி பறிக்கப்பட்டது. பருவத்தின் பதிவேட்டில் உள்ள ஒரே தோல்வி அதுதான். பிப்ரவரி 8 அன்று நியூஜெர்சியின் டிரென்டனில் லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட்செஸ்டர் பள்ளிக்கு எதிராக லெப்ரான் திரும்ப இறங்கினார். எடுத்தது 52 புள்ளி. எதிரணி மொத்தமாக எடுத்ததும் 52. தடை விதித்தவர்களுக்கு இதைவிடச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. மார்ச்சில் மாநில இறுதி ஆட்டத்தில் கெட்டரிங் ஆல்ட்டர் பள்ளி பந்தை வேண்டுமென்றே மெதுவாக நகர்த்தி ஆட, 40-36 என்ற ஆமை வேக ஆட்டத்தில் 25 புள்ளி லெப்ரானுடையது. நான்கு ஆண்டில் மூன்றாவது பட்டம். அந்தப் பருவச் சராசரி 31.6 புள்ளி, 9.6 ரீபவுண்ட், 4.6 அசிஸ்ட்.

மே மாதம் நைக்கி நிறுவனத்துடன் ஏழு ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. தொகை சுமார் 9 கோடி டாலர். ரீபாக், அடிடாஸ் இரண்டும் போட்டியில் இருந்தன. ரீபாக் இதைவிட அதிகம் தரத் தயாராக இருந்தது. 845 டாலர் சட்டைக்காக ஒதுக்கிவைக்கப்பட்டதற்கும் இதற்கும் இடையே நான்கு மாதம்கூட இல்லை.

பள்ளியிலிருந்து நேரே தொழிலுக்குப் போனவர்களில் அவர் முதல்வர் அல்ல. 1974இல் மோசஸ் மலோன், என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக அப்போது இருந்த ஏ.பி.ஏ. லீக்குக்குப் போனார். இருபதாண்டு இடைவெளிக்குப் பிறகு 1995இல் கெவின் கார்னெட் மினசோட்டாவுக்குத் தேர்வாகி அந்தக் கதவை மறுபடி திறந்தார். மறு ஆண்டு கோபி பிரையன்ட். 2001இல் குவாமி பிரவுன் முதலிடத்தில் எடுக்கப்பட்ட முதல் பள்ளி மாணவர்; எதிர்பார்த்த அளவு அவர் சோபிக்கவில்லை. 18 வயதுப் பையனை நம்பிப் பணம் போடலாமா என்ற கேள்வி 2003லும் அணிகளை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. லெப்ரான் விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 6 அடி 8 அங்குல உயரம், அந்த உடம்புக்குப் பொருந்தாத வேகம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பந்தை யாருக்கு எப்போது கொடுப்பது என்ற கண்.

கிளீவ்லேண்ட் கவாலியர்ஸ் அந்த ஆண்டு 82 ஆட்டத்தில் 17 மட்டுமே வென்றிருந்தது. டென்வரும் அதே நிலை. முதல் தேர்வு யாருக்கு என்று மே 22 அன்று நடந்த குலுக்கலில் சீட்டு கிளீவ்லேண்டுக்கு விழுந்தது. அக்ரனிலிருந்து கிளீவ்லேண்ட் காரில் ஒரு மணி நேரத்துக்குள். ஜூன் 26 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், உடம்பைவிட இரண்டு அளவு பெரிய வெள்ளைக் கோட்டு சூட்டில் மேடையேறினார். அந்தத் தொளதொள சூட்டைப் பார்த்து இன்றும் சிரிக்கிறார்கள். அதே தேர்வில் கார்மெலோ ஆந்தனி மூன்றாவது, கிறிஸ் பாஷ் நான்காவது, டுவைன் வேட் ஐந்தாவது.

தொழில்முறை ஆட்டம்

முதல் ஆட்டம் 2003 அக்டோபர் 29, சாக்ரமென்டோவில். 25 புள்ளி, 9 அசிஸ்ட், 6 ரீபவுண்ட், 4 ஸ்டீல். அணி 106-92 என்று தோற்றது. பருவ முடிவில் சராசரி 20.9 புள்ளி, 5.5 ரீபவுண்ட், 5.9 அசிஸ்ட். ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது பெற்ற முதல் கவாலியர்ஸ் ஆட்டக்காரர் அவர்தான். அணியின் வெற்றி 17லிருந்து 35 ஆனது. காலி நாற்காலிகளுக்குப் பழகிப்போன அரங்கில் ஆட்டத்துக்குச் சராசரியாக 18,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

2005இல் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் பள்ளிக் கதவை மூடியது. அமெரிக்க ஆட்டக்காரர் 19 வயதானவராகவும் பள்ளி முடித்து ஓராண்டு கழிந்தவராகவும் இருந்தால்தான் 2006 முதல் டிராஃப்டில் எடுக்கலாம். 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். சுவரில் படத்தை மாட்டக் கொடுத்துச் சட்டை வாங்கிக்கொண்டால் இன்று ஒரு கல்லூரி மாணவருக்கு அது தொழில்.

பிற்கால வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. 2010இல் மயாமிக்குப் போனது, 2014இல் திரும்பிவந்தது, 2016இல் 73 ஆட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட் அணியை 3-1 என்ற பின்னடைவிலிருந்து மீண்டு வீழ்த்திக் கிளீவ்லேண்டுக்குப் பட்டம் தந்தது, 2018இல் லேக்கர்ஸில் சேர்ந்தது ஆகியவை அதில் முக்கியமானவை. அதே 2018இல் அக்ரனில் ‘ஐ பிராமிஸ்’ என்ற பொதுப்பள்ளி அவருடைய அறக்கட்டளையின் துணையோடு திறந்தது. நான்காம் வகுப்பில் தான் தவறவிட்ட நாட்களைப் பற்றி லெப்ரான் அடிக்கடி பேசுவதும் அந்தப் பள்ளியை ஒட்டித்தான்.

டாம்ப்ராட் அக்ரன் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளரானபோது மூன்றாம் ட்ரூவும் ரோமியோ டிராவிஸும் அவரிடமே ஆடினார்கள். பின்னர் அவர் பிட்ஸ்பர்க்கின் டுகேன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2024இல் ஓய்வுபெற்றபோது அந்த இடத்துக்கு வந்தவர் மூன்றாம் ட்ரூ ஜாய்ஸ். அதே ஆண்டு அக்டோபரில் லேக்கர்ஸ் அணியில் லெப்ரான் தன் மூத்த மகன் பிரானியோடு களமிறங்கினார். என்.பி.ஏ.வில் தந்தையும் மகனும் ஒன்றாக ஆடியது அதுவே முதல் முறை.