கமிஷனில் தொடங்கி கண்ணீரில் முடிந்த கதை

2013ல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்ட 'ஃபேடிங் ஜிகோலோ' ஒரு முடிதிருத்தும் கடையில் பிறந்த படம். நடிகர் ஜான் டர்ட்டுரோவுக்கும் வுடி ஆலனுக்கும் முடிவெட்டுபவர் ஒருவரே. டர்ட்டுரோ சொன்ன கதையை அவர் ஆலன் காதில் போட, படம் உருவானது. டர்ட்டுரோவே இயக்கி நடித்தார்.

நியூயார்க்கில் பழைய புத்தகக் கடையை மூடும் மர்ரே, நண்பன் ஃபியோரவாந்தேயைக் காசுக்காகப் பணக்காரப் பெண்களிடம் அனுப்புகிறார். ஆளுக்கு எவ்வளவு பங்கு என்ற பேரத்தில்தான் சிரிப்பு.

அவிகல் வந்ததும் கணக்கு மாறுகிறது. அவள் வில்லியம்ஸ்பர்க் ஹசிடிக் யூத விதவை. நாஜிப் படுகொலைக்குத் தப்பிய பலர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடியேறிய பகுதி அது. அழிந்த ஊர்களின் வழக்கங்களை அங்கே இறுகப் பிடித்துக்கொண்டார்கள். மணமான பெண் தலைமுடியை மறைப்பதும், அந்நிய ஆணைத் தொடாமல் இருப்பதும் அதில் அடக்கம்.

அதனால்தான் ஃபியோரவாந்தேயின் கை முதுகில் பட்டதுமே அவிகல் அழுதுவிடுகிறாள். ஆசையால் அல்ல, தனிமையால். ஒரு சமூகத்தைக் காப்பாற்றிய கட்டுப்பாடே அவளைத் தனிமையிலும் வைத்திருந்தது. கடைசியில் அவள் அந்தச் சமூகத்திலேயே தங்கிவிடுகிறாள். அவனுக்கு மிஞ்சியது, எந்தக் கமிஷனிலும் சேராத காதல்.