தளவுயரமும் கோயிற் கட்டடமும்

அழிந்த கோயிலை மீண்டும் எழுப்ப முற்படுவோர்க்கு முதலில் வேண்டுவது யாது? கல்லும் பொருளும் என விடையிறுத்தல் எளிது. ஆயின் அவ்விரண்டிற்கும் முன்னே வேண்டப்படுவது அளவு. புத்தளக் கரையோரத்தின் வரலாறு இவ்வுண்மையைச் சிந்திக்கத் தூண்டுகின்றது.

சிலாபத்தை அடுத்துள்ள முன்னேசுவரம் ஈழத்தின் தொன்மை வாய்ந்த சிவத்தலங்களுள் ஒன்று. கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு அதனை ஆதரித்தமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. 1578ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அக்கோயிலைத் தகர்த்தனர். பின்னர், கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில், 1753ஆம் ஆண்டில் அது புதுக்கப்பெற்றுக் குடமுழுக்குக் கண்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே 175 ஆண்டுகள் கழிந்தன. கட்டடம் சிதைந்தது, கோயில் கட்டும் கலை சிதையவில்லை. அது சிற்ப நூல்களிலும் சிற்பியர் மரபிலும் தங்கியிருந்தது.

அக்கலையின் உயிர்நிலைகளுள் ஒன்று தளவுயரத்தை வகுத்தலாகும். மயமதம், மானசாரம் முதலிய நூல்களில் எட்டு யவம் ஓர் அங்குலம். 24 அங்குலம் ஒரு முழம். ஒருதள விமானத்தின் உயரத்தை 8 கூறாக்கி, அதிட்டானத்துக்கு 1, காலுக்கு 2, பிரத்தரத்துக்கு 1, கழுத்துக்கு 1, சிகரத்துக்கு 2, தூபிக்கு 1 எனப் பகிர்தல் நூன்முறைகளுள் ஒன்று. தளங்கள் பலவாயின், காலும் பிரத்தரமும் தளந்தோறும் மீண்டும் வரும். மேலே செல்லச் செல்ல அளவு குறையும். இதனாற் பாரம் குறைகின்றது. கட்டடத்துக்குக் கூம்பிய வடிவும் அமைகின்றது.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. தளவுயரம் என்பது நிற்பவன் தலைக்கு மேலுள்ள வெளி மட்டுமன்று; மேற்றளத்தைத் தாங்கும் பகுதியின் கனமும் அதனுள் அடங்கும். காலை வேறாகவும் பிரத்தரத்தை வேறாகவும் முன்னோர் எண்ணியமை இதுபற்றியே எனலாம். தளமொன்றுக்கு அரையடி கணக்கில் விடுபடின், ஐந்து தளங்களில் அது இரண்டரை அடிப் பிழையாகும்.

இக்காலக் கட்டடக் கலைஞர் கணினியில் வரையுங்காலும் இதுவே நெறி. ஒரு தளத்தின் தரையிலிருந்து அடுத்த தளத்தின் தரைவரையுள்ள உயரத்தை முதலில் நிறுவுவர். அதனை மாற்றின், அதனோடு பிணைக்கப்பட்ட சுவரும் மேற்றளங்களும் உடன் மாறும். படிக்கட்டின் படிகளையும் மீள எண்ணல் வேண்டும். கருவி புதிது, கணக்குப் பழையது.

திருவரங்கத்து இராசகோபுரம் இதற்குத் தக்க சான்று. அடித்தளத்தோடு நின்றுபோன அக்கோபுரம் ஏறத்தாழ 400 ஆண்டுகள் முற்றுப்பெறாது கிடந்தது. 1987ஆம் ஆண்டில் 13 நிலைகளோடு, 236 அடி உயரத்தில் அது நிறைவெய்தியது. தொடங்கியவரும் முடித்தவரும் ஒருவரையொருவர் கண்டாரல்லர். அவர்களை இணைத்தவை அடித்தளமும் அளவு மரபுமே.

ஆதலின், திருப்பணிக்காகப் பழைய கட்டடத்தைப் பிரிக்குமுன் அதன் தளந்தோறும் அளவெடுத்துப் பதிந்து வைத்தல் அறங்காவலர் கடமையாகும். பொருள் மிகுந்ததென்று நிலையொன்றைக் கூட்டுதலும், குறைந்ததென்று உயரத்தைச் சுருக்குதலும் முழுமையின் இசைவைக் கெடுக்கும். பகைவர் இடித்த கோயிலை அளவறிந்தோர் மீட்டனர். நம் கவனக்குறைவால் அளவே அழியுமாயின், அதனை மீட்பார் யார்?