ஒரு பைசாவிலிருந்து டேட்டா பேக் வரை

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழைத் தொடங்கினார். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பெயரிலேயே வைத்ததை நாம் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. வாசிக்க வேண்டியவர்களின் மடியில் எவ்வளவு காசு இருக்கும் என்ற கணக்கு அதில் இருப்பதாகவே நாம் பார்க்கிறோம். அதற்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார்.

1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் மராத்தியில் 'மூக்நாயக்' கொண்டுவந்தார். வாயற்றவர்களின் தலைவன் என்று பொருள். கட்டணம் தருகிறோம் என்றும் அதன் விளம்பரத்தை வெளியிட 'கேசரி' மறுத்தது. சுயராஜ்யம் கேட்ட பத்திரிகைதான் அது! அச்சகமும் காகிதமும் யார் கையில் இருந்தனவோ, அவர்கள் பேசியதே 'பொதுக்கருத்து' ஆனது. நம்மவர்கள் தனி இதழ் நடத்தியது ஆசைக்காக அல்ல, வேறு வழி இல்லாததால்.

கைபேசி வந்ததும் அந்தக் கதவு திறந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். ஓரளவு உண்மைதான். 2018 மார்ச் 20 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நீர்த்துப்போகச் செய்தபோது, ஏப்ரல் 2 பாரத் பந்துக்கான அழைப்பு பெருமளவு சமூக ஊடகங்கள் வழியாகவே பரவியது. பஞ்சாப் அரசு முதல்நாளே கைபேசி இணையத்தை நிறுத்தியது. வட மாநிலங்களில் அன்று பலர் உயிரிழந்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மீட்டது. அன்று விளம்பரத்தை மறுத்தது ஒரு பத்திரிகை. இன்று ஊருக்கே இணையத்தை அணைப்பது அரசாணை.

அணைக்க வேண்டிய தேவையே இல்லாத வீடுகள் அப்போது இன்னும் அதிகமாக இருந்தன. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இணைய வசதி இருந்தது கிராமங்களில் 100 வீடுகளில் சுமார் 15இல், நகரங்களில் 42இல். இரண்டே ஆண்டுகளில் கொரோனா வந்தது, வகுப்பறை கைபேசிக்குள் போனது.

நீதிமன்றங்கள் பாதி தூரம் வந்திருக்கின்றன. விடுதியில் கைபேசிக்குத் தடை விதித்ததை எதிர்த்து ஒரு மாணவி தொடர்ந்த வழக்கில், இணையம் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது கேரள உயர் நீதிமன்றம் (2019). காஷ்மீர் முடக்கம் குறித்த 2020 ஜனவரித் தீர்ப்பில், இணையவழிப் பேச்சுக்கும் அரசியலமைப்புப் பாதுகாப்பு உண்டு, காலவரையற்ற முடக்கம் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். இணைப்பே இல்லாதவருக்கு இதனால் என்ன கிடைத்தது?

2021 மே மாதம் 18 முதல் 44 வயதினர் தடுப்பூசி போட, முதலில் கோவின் தளத்தில் பதிய வேண்டியிருந்தது. இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. ஜூன் 21 முதல்தான் எல்லா மையங்களிலும் நேரடிப் பதிவு நடைமுறைக்கு வந்தது. அதுவரை கைபேசி வைத்திருந்தவர்களே வரிசையில் முன்னால் நின்றார்கள்.