ஆணைக்குழுவிலிருந்து ஆளுநர் நாற்காலிக்கு

வன்னியில் தேர்தல் என்றாலே கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம்தான். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு வவுனியா அரசாங்க அதிபரே வழக்கமாகத் தெரிவத்தாட்சி அலுவலர். கிளிநொச்சி மட்டும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு போகிறது. ஆகவே இங்கே நிர்வாக அதிகாரிகளின் வரலாற்றை விட்டுவிட்டு வாக்கின் வரலாற்றை எழுத முடியாது. அந்த வரலாற்றில் அண்மைக்காலத்தில் ஒரு வழக்கம் நுழைந்திருக்கிறது. தேர்தல் ஆணைக்குழுவில் இருப்பவர் வடக்கின் ஆளுநராகிறார். ஆளுநராக இருந்தவர் ஆணைக்குழுவுக்குப் போகிறார். இது வேரூன்ற விடக்கூடாத வழக்கம்.

நடந்தது இதுதான். 2009இல் முள்வேலி முகாம்களுக்குள் இலட்சக்கணக்கான மக்கள் அடைபட்டுக் கிடந்த நாட்களில் வவுனியா அரசாங்க அதிபராக இருந்தவர் பி.எஸ்.எம். சார்ள்ஸ். பின்னர் மட்டக்களப்பு அரசாங்க அதிபர், சுங்கப் பணிப்பாளர் நாயகம் என உயர்ந்து, 2019 டிசம்பரில் வட மாகாண ஆளுநரானார். 2021 அக்டோபரில் அவருடைய இடத்துக்கு வந்தவர் ஜீவன் தியாகராஜா. அவர் அதுவரை தேர்தல் ஆணைக்குழு உறுப்பினர். அப்படி வெற்றிடமான ஆணைக்குழு இடத்துக்கே சார்ள்ஸ் நியமிக்கப்பட்டார். 2023 ஜனவரியில், உள்ளூராட்சித் தேர்தலுக்கான வேட்புமனுக்கள் ஏற்கப்பட்ட கையோடு, அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அந்த ஆண்டு மே மாதம் மீண்டும் ஆளுநரானார். மார்ச் 9இல் நடக்கவேண்டிய தேர்தலோ நடக்கவே இல்லை. அதை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்களிப்பு 2025 மே 6இல்தான் நடந்தது.

சட்டப்படி இதில் தவறில்லையே, நேர்மையிலும் திறமையிலும் பெயர் பெற்ற அதிகாரியைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்பார்கள். சார்ள்ஸின் திறமையை நானும் மறுக்கவில்லை. அவர் யாருக்காவது சாய்ந்து நடந்தார் என்று சொல்ல ஆதாரமும் இல்லை. கேள்வி ஆளைப் பற்றியதல்ல, நாற்காலியைப் பற்றியது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அவர் விரும்பும்வரைதான் பதவி. 2013 செப்டம்பரில் மக்கள் தெரிவுசெய்த வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. சபை இல்லாத மாகாணத்தில் அதிகாரம் முழுவதும் ஆளுநரின் மேசையில் வந்து குவிகிறது. தேர்தல் நடக்காததால் கனம் கூடிய ஒரு பதவியை, தேர்தலை நடத்தவேண்டிய ஆணைக்குழுவில் இருந்தவருக்குக் கொடுப்பது எவ்வளவு நேர்மையான அதிகாரியையும் சங்கடத்தில் தள்ளிவிடும்.

வன்னி வாக்காளருக்கு இது வெறும் ஏட்டு நியாயமல்ல. 2001 டிசம்பர் 5 நாடாளுமன்றத் தேர்தலில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வாக்களிக்க வந்தவர்களுக்கு இராணுவம் சோதனைச் சாவடிகளைத் திறக்கவில்லை. அதுவும் உரிமை மீறலே என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் போன வாக்கு போனதுதான். 2005 ஜனாதிபதித் தேர்தலில் புலிகளின் புறக்கணிப்பு மக்களை வீட்டிலேயே இருத்தியது. கிளிநொச்சி அடங்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 1.2 வீதம்தான். இரு பக்கத்தாலும் வாக்கைப் பறிகொடுத்த மக்களுக்கு, நடுவர் நடுவராகவே இருக்கிறார் என்ற நம்பிக்கை மிக அவசியம்.

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதற்கு ரஷ்யாவைப் பார்க்கலாம். அங்கே 1999 முதல் 2007 வரை மத்திய தேர்தல் ஆணையத் தலைவராக இருந்த வெஷ்னியாகோவ், மறு ஆண்டே லாத்வியாவுக்குத் தூதுவராக அனுப்பப்பட்டார். 2016இல் தலைவரான எல்லா பம்ஃபிலோவா முன்னாள் அமைச்சர். 2000இல் ஜனாதிபதி வேட்பாளராகவும் நின்றவர். ஆட்சியும் ஆணையமும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளாகிவிட்டால், அங்கே எண்ணப்படும் வாக்கை யார் நம்புவார்?

தமிழ் பேசும் மூத்த அதிகாரிகள் குறைவு, இப்படித் தடை போட்டால் ஆளே கிடைக்காது என்பது இன்னொரு வாதம். 2024 செப்டம்பரில் ஆளுநரான நா. வேதநாயகன் போர்க்காலத்தில் கிளிநொச்சி அரசாங்க அதிபராக இருந்தவர். அவரைத் தேடி ஆணைக்குழுவின் கதவைத் தட்டவேண்டியிருக்கவில்லை. ஆணைக்குழுவை விட்டு விலகுகிறவர் ஐந்து ஆண்டுகளுக்கு ஜனாதிபதி நியமிக்கும் எந்தப் பதவியையும் ஏற்கக்கூடாது என்று சட்டம் வேண்டும். வன்னியிலிருந்து நாடாளுமன்றம் போயிருக்கும் உறுப்பினர்கள், கட்சி பாராமல், இதற்கான தனிநபர் பிரேரணையை முன்வைக்கட்டும்.