குதிரைமீது ஊழியம்: பிரான்சிஸ் ஆஸ்பரி (1745–1816)

தொடக்ககால மெதடிஸ்ட் போதகர் ஒரே ஆலயத்தில் தங்கிவிடுவதில்லை. பல ஊர்கள் அடங்கிய வட்டாரம் ஒன்று அவரிடம் ஒப்படைக்கப்படும். குதிரையில் அதைச் சுற்றி முடிக்கவே சில வாரங்களாகும். அமெரிக்காவில் இம்முறையை வேரூன்றச் செய்தவர் பிரான்சிஸ் ஆஸ்பரி.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் அருகே பிறந்தவர். ஜான் வெஸ்லியின் அழைப்பை ஏற்று 1771ல் கப்பலேறியபோது அவருக்கு வயது 26. பெற்றோருக்கு எஞ்சியிருந்த ஒரே பிள்ளை. தம் சொற்ப வருமானத்திலிருந்து அவர்களுக்குப் பணம் அனுப்பி வந்தார்; ஆனால் அவர்களை மீண்டும் பார்க்கவேயில்லை.

சுதந்திரப் போர் மூண்டதும் வெஸ்லி அனுப்பிய போதகர்களில் பெரும்பாலோர் நாடு திரும்பினர். ஆஸ்பரி தங்கிவிட்டார். 1784ல் வெஸ்லி அவரைக் கண்காணிப்பாளராக நியமித்தார். சக போதகர்கள் தேர்ந்தெடுத்தால்தான் ஏற்பேன் என்றார் ஆஸ்பரி. பால்டிமோர் மாநாடு அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. வெஸ்லியின் சொல்லே சட்டமாக இருந்த காலத்தில் இது சிறிய செயலன்று.

திருமணம் செய்யவில்லை, சொந்த வீடும் இல்லை. 45 ஆண்டுகளில் அவர் கடந்த தூரம் சுமார் 270,000 மைல் என மதிப்பிடப்படுகிறது. 1816 மார்ச் 24ஆம் தேதி ரிச்மண்டில் கடைசிப் பிரசங்கம் செய்தார். நடக்க முடியாத அவரை மற்றவர்கள் தூக்கிச் சென்று மேடையில் அமர்த்தினர். ஒரு வாரத்தில், அடுத்த ஊருக்குப் போகும் வழியில் காலமானார்.