அளவுக்குச் செய்யும் எஃகு மிதிவண்டிச் சட்டகம்

அளவுச் சட்டகம் என்பது ஒருவருடைய உடலுக்கும் அவர் சைக்கிள் ஓட்டும் விதத்துக்கும் பொருந்தும்படி, அவரோடு பேசி, வரைந்து, கையால் செய்யப்படும் மிதிவண்டிச் சட்டகம். உயரத்துக்கு மீறிய சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டுப் பழகியவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. அங்கே வண்டிக்கு ஏற்ப உடல் வளைந்தது. இங்கே உடலுக்கு ஏற்ப வண்டி பிறக்கிறது. இந்தத் தொழிலில் எஃகு இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம் எளிது. வார்த்தெடுக்கும் கார்பன் இழைச் சட்டகத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு வேண்டும். எஃகுக் குழாயை வாளும் அரமும் நெருப்பும் இருந்தால் எந்த நீளத்திலும் எந்தக் கோணத்திலும் இணைத்துவிடலாம்.

அளவெடுத்தல்

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடைகளுக்கு இடையே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே ஏற்றிப் பிடித்து, அதன் முதுகிலிருந்து தரைவரை அளப்பது வழக்கம். இந்தக் காலளவை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் தண்டுகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான உயரம் கிடைக்கும் என்பது அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய கணக்கு. காலளவு 82 செ.மீ. என்றால் சீட் உயரம் சுமார் 72.4 செ.மீ. கை நீளம், உடற்பகுதி நீளம், தோள் அகலம், காலணியின் அளவு ஆகியவையும் குறிக்கப்படும்.

எண்கள் தொடக்கம் மட்டுமே. நல்ல கைவினைஞர் வாடிக்கையாளரின் பழைய சைக்கிளையும் கொண்டுவரச் சொல்வார். சீட் தன் கம்பிகளில் கடைசிவரை பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா, ஹேண்டில்பார் இருக்கும் உயரம் போதாமல் தூக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஓட்டச் சொல்லிப் பின்னாலிருந்து கவனிப்பார். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். பழைய காயங்கள், ஒரு நாளில் போகும் தூரம், சாலையின் தரம், ஏற்றிச் செல்லும் சுமை எல்லாம் பேச்சில் வரும். வாடிக்கையாளர் கோணங்களை எழுதிக்கொண்டு வருவதைவிட, ஒரு மணி நேரம் கழிந்தால் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது என்று சொல்வதுதான் அதிகம் உதவும். கோணத்தைக் கண்டுபிடிப்பது செய்பவரின் வேலை; எங்கே வலிக்கிறது என்பது ஓட்டுபவருக்கு மட்டுமே தெரியும்.

வரைபடம்

சீட், ஹேண்டில்பார், பெடல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டிய இடம் முதலில் முடிவாகும். சக்கரங்களின் இடம் அடுத்து. குழாய்கள் இவற்றை இணைக்கும் கோடுகளாகக் கடைசியில்தான் வருகின்றன. சீட் குழாயின் சாய்வு 1 பாகை மாறினால், 70 செ.மீ. உயரத்தில் சீட் சுமார் 12 மி.மீ. முன்னோ பின்னோ நகரும்.

திசைதிருப்பும் குணத்தைத் தீர்மானிப்பது ‘ட்ரெயில்’ எனப்படும் அளவு. ஹேண்டில் திரும்பும் அச்சை நேராக நீட்டினால் அது தரையை ஒரு புள்ளியில் தொடும். முன்சக்கரம் தரையைத் தொடுவது அதற்குச் சற்றுப் பின்னால். இடைப்பட்ட தூரமே ட்ரெயில். சக்கர ஆரம் 340 மி.மீ., முன்குழாய்க் கோணம் 73 பாகை, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் முன்தள்ளல் 45 மி.மீ. என்றால் ட்ரெயில் ஏறத்தாழ 57 மி.மீ. கோணத்தை மட்டும் 72 ஆக்கினால் 63 மி.மீ. ஆகிவிடும், வேகத்தில் வண்டி தானாகவே நேராகப் போக முனையும், மெதுவாகப் போகையில் சற்று மந்தமாகத் திரும்பும். முன்னால் பை கட்டி நெடுந்தூரம் போகும் வண்டிகளுக்குப் பிரெஞ்சுக் கைவினைஞர்கள் ட்ரெயிலைக் குறைவாக வைத்தார்கள்.

குள்ளமானவர்களுக்கான வரைபடமே மிகக் கடினம். பெரிய சக்கரத்தைச் சின்னச் சட்டகத்தில் பொருத்தினால், திருப்பத்தில் காலணி நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். 1985இல் பெண்களுக்கான மிதிவண்டி நிறுவனத்தைத் தொடங்கிய அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி, முன்சக்கரத்தை மட்டும் சிறிதாக்கி இதைத் தீர்த்தார். சிறிய அளவைப் பெரிய சட்டகத்தின் சுருங்கிய நகலாகப் பார்க்காமல் தனிக் கணக்காகப் பார்த்தது அவருடைய பெரிய பங்களிப்பு.

குழாய்

பர்மிங்ஹாமில் ஆணி செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குழாய்க்கு 1897இல் காப்புரிமை பெற்றார். இணைக்கும்போது நெருப்புப் படும் இடத்தில் கனம் இருக்கும், மற்ற இடத்தில் எடை குறையும். ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் மாங்கனீசு-மாலிப்டினம் எஃகான ‘531’ 1935இல் வந்தது. 1928இல் ரெனால்ட்ஸைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனம்தான், 1949இல் முருகப்பா குழுமத்தோடு கைகோத்துச் சென்னையில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது.

விலையுயர்ந்த எஃகு அதிக விறைப்புத் தரும் என்ற நம்பிக்கை தவறானது. எஃகு எந்தக் கலவையானாலும் மீள்தன்மை எண் ஏறத்தாழ ஒன்றே. வலிமை கூடுவதால் சுவரை மெல்லியதாக்க முடிகிறது, அவ்வளவுதான். விறைப்பைக் கூட்டுவது விட்டம்: சுவர்த் தடிமன் மாறாமல் 25.4 மி.மீ. குழாயை 28.6 மி.மீ. ஆக்கினால் வளைவுக்கு எதிரான விறைப்பு 40 விழுக்காட்டுக்கு மேல் கூடும். ஓட்டுபவரின் எடையைக் கேட்பது இதற்காகத்தான்.

இணைப்பு

குழாயின் முனையை அடுத்த குழாயின் வளைவுக்குப் பொருந்த அரத்தால் ராவி, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். கீற்று ஒளிகூடத் தெரியக் கூடாது. பிறகு லக் எனப்படும் இணைப்புக் கூட்டில் செருகி, பசை போன்ற இளக்கியைப் பூசி, வாயு நெருப்பைக் காட்டுவார்கள். வெள்ளை இளக்கி முதலில் பொங்கி, பின் கண்ணாடி நீர்போலத் தெளியும். அந்த நொடியில் வெள்ளிக் கலவைக் கம்பியைத் தொட்டால், சுமார் 650 முதல் 700 பாகை செல்சியசில் அது உருகி, சூடு அதிகமுள்ள பக்கம் இடுக்குக்குள் ஓடி, மறுவிளிம்பில் மெல்லிய கோடாக எட்டிப்பார்க்கும். பித்தளைக்கு 900 பாகைவரை வேண்டும். இரண்டிலும் எஃகு உருகுவதில்லை. லக் இல்லாமல் டிக் வெல்டிங்கிலும் இணைக்கலாம். அதில் குழாயின் விளிம்பே உருகிச் சேரும்.

ஜப்பானில் இக்கலையைத் தொழில்முறைப் பந்தயமே தாங்குகிறது. 1948இல் கோகுராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில், சான்றிதழ் பெற்ற கைவினைஞர்களிடம் வீரர்கள் தம் அளவுக்கு எஃகுச் சட்டகம் செய்துகொள்வது வழக்கம். இத்தாலியில் சட்டகக் கைவினைஞர்களான போல்யாகி, டி ரோசா ஆகியோரிடம் தொழில் பயின்ற யோஷியாகி நாகசாவா அவர்களில் புகழ்பெற்றவர். 1977 முதல் 1986 வரை தொடர்ந்து 10 முறை உலகத் தொழில்முறை ஸ்பிரிண்ட் பட்டம் வென்ற கோய்ச்சி நக்கானோ ஓட்டியது அவருடைய சட்டகங்களை என்பதால், இருவர் பெயரும் சேர்ந்தே பேசப்படுகிறது.

வண்ணம் பூசுமுன் சட்டகத்தைத் தட்டையான கனத்த இரும்பு மேசையில் வைத்துக் கோணல் பார்ப்பார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு குழாய் நசுங்கினால், வெள்ளியோ பித்தளையோ கொண்டு சேர்த்த இணைப்பின் கலவையை மீண்டும் உருக்கி, அந்தக் குழாயை மட்டும் உருவிவிட்டு வேறு குழாய் போட்டுக்கொள்ளலாம்.