விளக்கு, குடம், வர்த்தமானி

தரம் 11 குடியியல் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், ஜனாதிபதியே யாப்ப மீறினா அவர யாரு தடுக்கிற?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான்.

2018 ஒக்டோபர் 26 இரவு நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கிவிட்டு மஹிந்த ராஜபக்ஷவை நியமித்தார். பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்ததும் நவம்பர் 9இல் ஒரு வர்த்தமானி மூலம் பாராளுமன்றத்தையே கலைத்தார். ஆனால் 2015இல் 212 வாக்குகளால் நிறைவேறிய 19ஆவது திருத்தம், நாலரை வருடம் முடியும் வரை, மூன்றில் இரண்டு எம்.பி.மார் கேட்டாலன்றிக் கலைக்க முடியாது என்று சொல்லியிருந்தது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்ததும் அவருடைய ஆட்சிதான்! டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஏகமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். மூன்றாம் நாள் பழைய பிரதமர் மீண்டும் சத்தியப்பிரமாணம் செய்தார். இராணுவம் தெருவுக்கு வரவில்லை. ஓர் உறுப்புரை அந்த வேலையைச் செய்தது.

பிள்ளைக்கு இதை மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் 1982ஐ மறைப்பது நேர்மையில்லை.

1977இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 ஆசனங்களில் 140 கிடைத்தன. புதிய விகிதாசார முறையில் தேர்தல் வைத்தால் அந்தப் பலம் திரும்ப வராது. ஆகவே ஜே.ஆர். ஜயவர்தன தேர்தலுக்குப் பதிலாக டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். நமது வாப்பாமார் இன்றும் அதைச் சொல்வார்கள். விளக்கு 54 வீதத்துக்குச் சற்று மேல் எடுத்தது. 1977இன் பாராளுமன்றம் 1988 டிசம்பர் வரை இருந்தது. இதில் யாப்பு கேட்ட மூன்றில் இரண்டும் இருந்தது, மக்கள் வாக்கும் இருந்தது. ஆளுங்கட்சி எம்.பி.மாரிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்கள் வாங்கி வைக்கப்பட்டிருந்ததும் அதே காலம்தான். பூட்டு உடைக்கப்படவில்லை, சாவி ஒருவர் கையில் இருந்தது.

இனி நம் வீட்டுக் கதை. 2020 ஒக்டோபர் 22இல் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. சுயாதீன நியமனங்களைக் காத்த அரசியலமைப்புப் பேரவை போய், அபிப்பிராயம் மட்டும் சொல்லும் ஒரு பாராளுமன்றப் பேரவை வந்தது. நம் வாக்கில் எதிரணியிலிருந்து போன முஸ்லிம் எம்.பி.மார் சிலரும் அதற்குக் கை உயர்த்தினார்கள். அந்த நேரம் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. எரிப்பு நின்றது நான்கு மாதங்களுக்குப் பிறகு, 2021 பெப்ரவரி இறுதியில்.

அவர்கள் என்ன கணக்குப் போட்டார்கள் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் திங்கட்கிழமை முதலாம் பாடம் அதே வகுப்பில். அந்தப் பிள்ளை முன் வாங்கில் இருப்பாள்.